துரை நாயும் கொள்ளுக்காட்டு முயலும்

அன்றைக்கு முயல் வேட்டைக்கு வந்தவர்கள் மூன்று பேர்: என் அண்ணன், பக்கத்துத் தோட்டத்துக்காரர், நான். நாய்களும் மூன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ஒல்லி நாய்கள் இரண்டு, அண்ணனின் துரை நாய் ஒன்று. வராதவர்கள் இரண்டு பேர். அப்பா வண்டிக் காளைகளுக்கு லாடம் அடிக்கக் கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தார். எங்கள் தாய்மாமன் கிணற்று மேடு வரைக்கும் கூடவே வந்தார். முழங்கால் குத்துகிறது என்று அங்கேயே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அதனால் அவரும் வராதவர் கணக்கில்தான் சேர்ந்தார்.

இந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் முக்கியம். நாய்களை அவிழ்த்துவிடுவதற்கு முன் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாயோடு ஓடியவனுக்குத்தான் கறியில் பங்கு. முதலில் வாய் வைத்த நாய்க்கு ஒரு பங்கு உண்டு, அது நாய்க்காரன் வீட்டுக்குப் போகும். ஓடாதவன் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும் குழம்பு ஊற்றினால் சாப்பிடலாம், பங்கு கேட்க முடியாது.

துரை நாய் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மதராஸ்காரர்களாக இருந்தது போய்க் கேரளக்காரர்கள் ஆன சமயம். நெல்லியாம்பதி மலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். அவருடைய வேட்டை நாய்களில் ஒன்றைச் சமையல்காரர் வைத்துக்கொண்டு, தீனி போட முடியாமல் விலை சொல்லிக்கொண்டிருந்தார். கடலைக்கொடி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போன அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். கன்றுக்குட்டி உயரம், தரையைக் கூட்டுகிற காது, வெள்ளையும் கறுப்பும் செம்பட்டையுமாக உடம்பு. அடுத்த நடையில் வீட்டிலிருந்து ஒரு வெள்ளாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

அந்த ஆடு அண்ணிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. தாய்மாமன் மகளைத்தான் அண்ணன் கட்டியிருந்தான். மாமா தன் கையால் பிடித்துக்கொண்டு வந்து விட்ட ஆடு அது.

அண்ணி சத்தம் போடவில்லை. நாய்க்கு முன்னால் ஒரு சட்டிக் களியை வைத்தாள். அது தின்று முடித்துச் சட்டியை நக்கி நகர்த்திக்கொண்டே வாசல் வரைக்கும் போனதைப் பார்த்தாள்.

"ஏனுங் கொழுந்தனாரே, படிச்சவிய நீங்களே சொல்லுங்க. ரண்டாளுச் சோத்தத் திங்குது. இது என்ன பண்ணுமாமா?"

"மொசலு புடிக்குமுங்க அண்ணி."

"செரி. தைப்பொங்கலுக்குள்ள ஒரு மொசலக் கொண்டாரட்டும். இல்லாட்டி மலையடிவாரத்துல தென்னந்தோப்புக் காவலுக்கு நாயி வேணும்ங்கறாங்கொ. அவிங்களுக்கு வித்துப்போட்டு எனக்கு ஆடு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க உங்கண்ணன."

அந்தத் தோப்பை நான் பார்த்திருக்கிறேன். அங்கே காவல் நாய்கள் சங்கிலியிலேயே பிறந்து சங்கிலியிலேயே சாகும். அண்ணனும் பார்த்திருந்தான். அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணன் போட்ட கணக்கு லேசானது. நம் நாய் நாலு எட்டு வைக்கிற தூரத்தை இது ஒரே எட்டில் தாண்டும், அதனால் முயல் இதற்குத் தப்பாது. இங்கிலீஷ் நாய் என்பதால் அதோடு பேசுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி இறுதி வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தேன். அக்கம்பக்கத்தவர் எல்லாம் கூடி நிற்க, பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே "கம் ஹியர்" என்றேன். நாய் என் முகத்தை இரக்கத்தோடு பார்த்தது. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு மலையிலிருந்து சுமை இறக்க வந்த ஆள் ஒருவர், "இவிடெ வாடா" என்றார். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவர் காலடியில் படுத்தது. சோறு போட்ட சமையல்காரரின் மலையாளம்தான் அதற்குத் தெரிந்த பாஷை. என் படிப்புக்கு ஆன செலவைப் பற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்றைக்கு ஏதோ சொன்னார். நான் கேட்காதவன் போல இருந்துவிட்டேன்.

கடலை பிடுங்கி முடிந்து கொள்ளு பச்சையாக நிற்கிற மாதங்கள்தான் எங்களுக்கு முயல் காலம். விடிந்து பனி ஈரம் காயுமுன் காட்டுக்குள் இறங்குவோம். அண்ணனுடைய கணக்கு முதல் நாளே பொய்த்தது. முயல் கண்ணுக்கு முன்னால் குதித்து ஓடும். ஒல்லி நாய்கள் சத்தமில்லாமல் அம்பு மாதிரி பின்னாலேயே போகும். துரை நாயோ ஓடுகிற முயலை ஏறெடுத்தும் பார்க்காது. முயல் படுத்திருந்த குழியில் மூக்கை வைத்து மோந்து, தலையை மேலே தூக்கி, கொம்பு ஊதுகிற மாதிரி நீளமாக ஒரு குரல் கொடுக்கும்.

"மாப்ளே, உன்ர நாயி எழவு ஊட்டுக்கு வந்தாப்பல அழுவுது" என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "மொசலுக்குச் சொந்தக்காரனாட்டிருக்குது."

அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒல்லி நாய்கள் பிடித்திருக்கும், அல்லது விட்டிருக்கும். அண்ணன் துரை நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டு வீட்டுக்கு இழுத்து வருவான். மார்கழி முழுக்க இப்படியே போயிற்று. பொங்கல் நெருங்க நெருங்க அண்ணன் களி போடும்போதெல்லாம் நாயின் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

மாமா பொங்கலுக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஆட்டைக் காணோம் என்பதை வந்தவுடனே கவனித்திருப்பார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது அண்ணனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் வந்த மறுநாள்தான் நான் முதலில் சொன்ன நாள். பண்டிகைக்கு முன் எங்களுக்கு மிச்சமிருந்த கடைசிக் காலைப்பொழுதும் அதுதான்.

கிணற்று மேட்டுக்குக் கீழேயே, கொள்ளுக்குள் படுத்திருந்த ஒரு பெரிய முயல் எழுந்தது. ஒல்லி நாய்கள் துரத்தின. முயல் கிளுவை வேலியின் சந்தில் நுழைந்து இட்டேரிப் பாதைக்குள் இறங்கி, எதிர் வேலியில் புகுந்து மறைந்தது. ஒல்லி நாய்களுக்குக் கண்தான் வேட்டை. கண்ணில் படாத முயல் அவற்றுக்கு இல்லாத முயல். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன. துரை நாய் அப்போதுதான் குழியை மோந்து முடித்திருந்தது. குரல் கொடுத்துக்கொண்டே, முயல் போன தடத்தில் மெதுவாக, கோடு போட்ட மாதிரிப் போனது. வேலியைத் தாண்டியது. எதிர் வேலியையும் தாண்டியது. அன்றைக்கு யாரும் அதைத் திருப்பிக் கூப்பிடவில்லை. அண்ணன் அதன் பின்னால் ஓடினான். நாங்களும் ஓடினோம்.

நாய் வேட்டை என்றால் நாயின் பின்னால் ஓடுவது. எங்களுக்கு வேறு வழி தெரியாது. அதுதான் அத்தனை நாளும் நாங்கள் செய்த தப்பு. ஓடி ஓடி மூச்சு வாங்கி எல்லைக் கல் வரைக்கும் வந்துவிட்டோம். அதற்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா.

"மொசலு மதராசுக்குப் போயிருச்சு, மாப்ளே" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "இனி அங்கத்த சர்க்காரக் கேட்டுத்தான் புடிக்கோணும்."

அண்ணன் கல்லின் மேல் உட்கார்ந்தான். தூரத்தில் நாயின் குரல் மட்டும் கேட்டது. தேய்ந்துகொண்டே போனது, பிறகு தேய்வது நின்றது. கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிற்பது மாதிரி இருந்தது. அப்புறம் தெற்காலே வளைந்தது. அண்ணன்தான் முதலில் எழுந்தான்.

"தம்பி, திரும்புதுடா."

குரல் ராவுத்தர் தோட்டத்தின் வழியாக வளைந்து, நாங்கள் கிளம்பிய கிணற்று மேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வழியில் எதுவோ சடசடவென்று சரிகிற சத்தமும் கேட்டது. நாங்கள் வந்த வழியே திரும்பி ஓடினோம்.

வேப்பமரத்தடியில் மாமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துண்டின் மேல் முயல் கிடந்தது. ஊன்றுதடி கொஞ்சம் தள்ளி, எறிந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"என்னத்துக்கு இப்படி ஓடறீங்கொ?" என்றார் மாமா. "அது சுத்திட்டு எந்திரிச்ச எடத்துக்கேதான வருது. ஓஞ்சுபோய் எம்முன்னாடி வந்து நின்னுச்சு. தடிய வீசுனேன்."

அவர் சொல்லி முடிக்கையில் துரை நாய் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து மூக்கை எடுக்காமல், முயல் வந்த தடத்திலேயே மேடேறி, முயலின் மேல் மூக்கை வைத்து நின்றது. அப்புறம் படுத்துக்கொண்டது. அதன் கழுத்தில் ஒரு புடலங்கொடி மாலை மாதிரிக் கிடந்தது. நேராக வளர நுனியில் கல் கட்டிய பிஞ்சு ஒன்றும் அதில் தொங்கியது.

யாரும் கொடியைப் பற்றிக் கேட்கவில்லை. பங்குப் பேச்சு வந்துவிட்டது.

"மாமனுக்குப் பங்கு கெடையாதுங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "உக்காந்திருந்தவருக்கு ஏதுங்க பங்கு? மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க."

"அப்ப ஓடுனவிய என்னத்தப் புடிச்சீங்கொ? காத்தயா?"

"நாய்ப் பங்கும் இல்லீங்க. வாயி வெக்கலியே. மோந்துதான பாத்துது."

அண்ணன் நாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நாய்ப் பங்கு இல்லையென்றால் முயல் நாய் பிடித்ததில்லை. நாய் பிடிக்காவிட்டால் தென்னந்தோப்புதான்.

அப்போது ராவுத்தர் மேடேறி வந்தார். எங்களுக்குத் தெற்கே தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் புடலங்காய் போட்டிருந்தவர். பொங்கல் சந்தைக்கு அறுக்கிற பருவம்.

"மாப்பிள்ளைமாரெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கீக" என்றார் நிதானமாக. "எம் பந்தலு பாதி தரையில கெடக்கு. சின்ன நாய்னா அடியில பூந்து போயிருக்கும். இது கொடியும் குச்சியுமா இழுத்துக்கிட்டில்ல போயிருக்கு. வேட்டைக்கு யாரு யாரு வந்தீக?"

பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டார். "நான் சும்மா இந்தப் பக்கமா வந்தனுங்க. என்ர நாய்க அங்க வரவேயில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கிவிட்டார்.

மாமா எழுந்து போய்த் தடியை எடுத்து ஊன்றி நின்றார். "நான் வந்தேனுங்க, ராவுத்தரே. என்னையும் சேத்துக்குங்க."

வீட்டுக்குப் போனதும் அண்ணி முயலையும் பார்த்தாள், கொடி போட்ட நாயையும் பார்த்தாள். "புடிச்சது எங்கப்பனாமா. நாயி என்ன பண்ணுச்சாமா?"

"அம்மிணி, நான் ஆயுசுக்கும் மொசலு பின்னால ஓடீருக்கறேன்" என்றார் மாமா. "இன்னைக்குத்தான் மொசலு எங்கிட்ட வந்துச்சு. கொண்டாந்து உட்டது அந்த நாயி. அது ஊட்டுலயே இருக்கட்டும்."

அண்ணி களிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், நிரப்பிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஓடவில்லை. துரை நாயை அவிழ்த்துவிட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருப்போம். மாமா முழங்காலை மறந்து அடிக்கடி வர ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் கூச்சமில்லாமல் வந்து உட்காருவார். குரல் எல்லைக் கல்லுக்கு அப்பால் போய்த் தேயும். "மதராசுல இருக்குது" என்பார் ஒருவர். "திரும்பியாச்சு" என்பார் இன்னொருவர். பனி விலகி வெயில் ஏறும்போது அந்தக் குரல் பெரிதாகிக்கொண்டே எங்களை நோக்கி வரும். முயல் கிடைத்த நாட்கள் கொஞ்சம்தான். ஆனால் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் காலைகளைத்தான் இப்போது பாலக்காட்டில், கல்லூரிக்குப் பக்கத்தில் எடுத்த அறையில், விடியற்காலை விழித்துக்கொள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நாய்க்குக் கண் மங்கியிருந்தது. மூக்கு மங்கவில்லை. அண்ணி என்னை உட்கார வைத்து, படித்தவர்தானே, நாய்க்கு இதுவரை ஆன செலவைக் கூட்டிச் சொல்லுங்கள் என்றாள். அவள் சொல்லச் சொல்லக் கூட்டினேன். மாமாவின் வெள்ளாடு ஒன்று, ராவுத்தரின் பந்தல் முதல் வருஷம் பாதி, அடுத்த வருஷமும் பாதி, இன்னொருவரின் அவரைக்கொடி. களியைச் சேர்க்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். முப்பத்தியொரு ரூபாய் எட்டணா.