அவர் குறை சொல்லாத வீடு

என் வீட்டுக்காரர் வீட்டுத் தரகர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலைதான். அவருக்குக் குறைக்காரர் என்று ஒரு பெயர் உண்டு. மற்ற தரகர்கள் கதவைத் திறக்கும்போதே காற்றையும் வெளிச்சத்தையும் புகழ ஆரம்பிப்பார்கள். இவர் மட்டும், "முதல்ல குறையச் சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்பார்.

சுவரில் ஒரு மூலைக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால், அங்கேதான் மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று காட்டிக் கொடுத்துவிடுவார். அலமாரியை நகர்த்தி அதன் முதுகுப் பக்கச் சுவரைத் தடவிப் பார்ப்பார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, எது இளைத்துப் போகிறது என்று பார்ப்பார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்ப்பார். கடைசியாக வந்தவர்களை நடு அறையில் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார வைப்பார்.

"வீடு என்ன சத்தம் போடுதுன்னு கேளுங்க. இந்தச் சத்தத்தோடதான் குடித்தனம் பண்ணப் போறீங்க."

லீவு நாளில் ஒரு தடவை, வேலை நாளில் ஒரு தடவை, இரண்டு தடவை பார்க்காமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டார். இப்படியெல்லாம் செய்தால் பிழைப்பு நடக்குமா என்று என் அண்ணன் கேட்காத நாள் இல்லை. கடவுள் புண்ணியத்தில் நடந்தது. ஒரு தடவை வாங்கினவர்கள் தங்கள் தம்பியையும் மச்சானையும் இவரிடமே அனுப்பினார்கள்.

இவரும் சறுக்கியிருக்கிறார். ஒரு நாள் இரண்டாவது மாடி என்று நினைத்து மூன்றாவது மாடிக்கு ஆட்களைக் கூட்டிப் போய்விட்டார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போய்ச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, "இங்க ஒழுகுது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மா துணி காயப்போட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார். யார் என்ன என்று கேட்கவில்லையாம். நேரே புருஷனுக்குப் போன் போட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வீட்ட விக்கிறீங்களா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாராம். அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டு இவர் வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரரே கூப்பிட்டு, ஒழுகுவது நிஜம்தான், பிளம்பர் யாராவது தெரியுமா என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தவர் எங்களுக்கென்று ஒன்று பார்க்கவில்லை. ஒன்பது வாடகை வீடு மாறிவிட்டோம். ஒன்பதிலும் சமையலறை இருட்டு. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அரிசியில் கல் பார்க்க வேண்டும். வெளிச்சம் விழுகிற ஒரு ஜன்னல் ஓரம் அடுப்பு வைக்க வேண்டும் என்பதைத் தவிர நான் ஆண்டவனிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. சேமிப்பு இருந்தது, பேங்கில் கடன் தரவும் தயாராக இருந்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்த வீட்டிலெல்லாம் இவருக்குக் குறை தெரியும்.

"உங்களுக்கு வீடு கட்ட மேலேருந்துதான் ஆள் வரணும்" என்பேன்.

"வந்தாலும் குழாயத் திறந்து பாத்துட்டுத்தான் சாவி வாங்குவேன்" என்பார்.

காலி வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் நான் போய்ப் பெருக்கித் துடைத்துக் கொடுப்பது வழக்கம். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் தன் மகளோடு போய் இருப்பதற்காக விற்கிற வீடு. இரண்டே அறைகள். சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கிழக்கு ஜன்னல். வெயில் நேராக அடுப்பு மேடையில் விழுந்து கிடந்தது. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தால், இவர் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குல்ல" என்றார் மெதுவாக. எந்த வீட்டைப் பற்றியும் அவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது.

"நாமளே எடுத்துக்கலாமே" என்றேன்.

"அடுத்து வர்ற வீட்ட அவங்களுக்குத்தான் முதல்ல காட்டறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இப்ப வந்துருவாங்க."

அவர் சொன்னது ரொட்டிக்கடைத் தம்பியையும் அவர் மனைவியையும். அந்தத் தம்பிக்கு ராத்திரி முழுக்க ரொட்டி சுடுகிற அடுப்பில் வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால்தான் அவருக்குத் தூக்கம். அவர் மனைவி துணிக்கடையில் நிற்பவள், வாய்த் துடுக்கு. இவர்கள் அதுவரை ஏழு வீடு பார்த்துவிட்டார்கள்.

வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். இவர் குழாயைத் திறந்தார், மூடினார், ஒன்றும் சொல்லவில்லை.

"குறையச் சொல்லுங்கண்ணே" என்றாள் அந்தப் பெண்.

"பின்கதவு மழைக்குக் கொஞ்சம் இறுகும்."

"அவ்வளவுதானா? போன வீட்டுக்குப் பதினொண்ணு சொன்னீங்க. மூச்சு வாங்கித் தண்ணி வேற குடிச்சீங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு சத்தமும் இல்லை. பகலில் தூங்குகிற மனுஷனிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். இவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள், வீடு நமக்கு வந்துவிடும். நமக்காகத்தான் பயமுறுத்தினோம் என்று ஆகிவிடுமே என்று அவருக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டால் அந்தத் தம்பியின் தூக்கம் போய்விடும்.

அந்தப் பெண் என்னையும் நான் பிடித்திருந்த ஜன்னல் கம்பியையும் பார்த்தாள்.

"அண்ணி ரொம்ப நேரமா அந்த ஜன்னல விடவே மாட்டேங்கறாங்களே" என்றாள்.

இவர் நிமிர்ந்தார். "தம்பி, உண்மையச் சொல்லிடறேன். இந்த வீட்டு மேல எங்களுக்கு ஆச வந்துடுச்சு. அதனால இன்னைக்கு நான் சொல்ற குறைய நீங்க நம்பாதீங்க. வேற தரகர் யாரையாவது கூட்டிட்டு வந்து பாருங்க."

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். "வேற தரகர் குறை சொல்லுவாராண்ணே? நீங்க சொல்லுங்க. நம்பறதா வேண்டாமான்னு நாங்க பாத்துக்கறோம்."

"பின்னால பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்கு மணி அடிப்பாங்க."

அந்தப் பெண் மறுபடி சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஜன்னல் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. "நாளைக்கு வேல முடிஞ்சு இவர் நேரா இங்கயே வந்து படுத்துப் பாக்கட்டும். தூங்கிட்டார்னா வீடு எங்களுக்கு" என்றாள்.

"அதுதான் முறை" என்றார் இவர்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கும்பிட உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒரு மனுஷனுக்குத் தூக்கம் வரக் கூடாது என்று கடவுளிடம் எப்படிக் கேட்பது? ராத்திரியெல்லாம் நெருப்பில் நின்று நாலு பேருக்கு ரொட்டி சுடுகிறவர். கடைசியில், எந்த வீடு அமைந்தாலும் அந்தப் பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுந்தேன். ஜன்னலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கு அந்தத் தம்பி மாவு ஒட்டிய சட்டையோடு வந்து, பாயை விரித்து, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கண் அந்த ஜன்னல் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மணி அடித்தது. குறட்டை நிற்கவில்லை. ஒன்பதே காலுக்கு ஒரு வகுப்பு முழுக்க எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தது. குறட்டை நின்றுவிட்டது. அப்புறமும் அரை மணி நேரம் அவர் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

கண் சிவக்க வெளியே வந்து, "பதினாறாம் வாய்ப்பாடு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நீங்களே வெச்சுக்குங்கண்ணே" என்றார்.

"குறை சொல்றதுக்கு ஒரு ஸ்கூலையே கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவர்களுக்கு வீடு அமையாமல் எங்கள் வீட்டுக்கு முன்பணம் தர மாட்டேன் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். மூன்றே வாரத்தில் ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் வீடு கிடைத்தது. குறை ஒன்பது சொன்னார். சத்தம் மட்டும் கிடையாது. தம்பி இப்போது மூன்று மணிவரை தூங்குகிறாராம். அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் நல்ல வெளிச்சம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மனசு நிறைந்தது.

நாங்கள் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. குடிவந்த பிறகுதான் இவருக்குக் கண் திறந்தது. பின்கதவு, மாடிப்படியின் உயரம், குளியலறைச் சரிவு என்று காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு எல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறார். பள்ளிக்கூடத்தை மட்டும் அதில் எழுதவில்லை.

காலை ஒன்பதே காலுக்கு நான் ஜன்னல் வெயிலில் அரிசியைப் பரப்பிக் கல் பார்ப்பேன். பிள்ளைகள் பின்னால் சொல்ல ஆரம்பிக்கும். எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைதான் தெரிந்திருந்தது. இப்போது பதினாறுவரை தடங்கல் இல்லாமல் வருகிறது.