பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

டெலானிபூர் மேட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் அப்போது பலகை வீடுகள்தான். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து 'நூறு' சொல்லலாம். அங்கே குடியிருந்தவர் ஒரு வங்காளி சர்வேயர். அவர் மனைவியை எங்கள் வரிசையில் தமிழன், தெலுங்கன், மலையாளி எல்லோருமே பௌதி என்றுதான் கூப்பிட்டோம். அவர்கள் மொழியில் அண்ணி. நடை பழகிக்கொண்டிருந்த ஒரு பையன் அவர்களுக்கு.

நான் கப்பலேறித் தீவுக்கு வந்த புதிது. தனிக்கட்டை குமாஸ்தா. ஆறு நாளை ஆபீஸ் தின்றுவிடும்; ஞாயிறு மட்டும் என்னைத் தின்னும். சரிவுக்குக் கீழே ஒரு மலையாளி ஸ்டோர் கீப்பர் வீட்டில் ஞாயிறு சாயங்காலம் ஆர்மோனியமும் தபலாவும் கேட்கும். செருப்பு வார் அறுந்தவன்போல வாசலில் குனிந்து நின்று கேட்பேன். ஒரு செருப்பு எத்தனை வாரம்தான் அறுந்துகொண்டே இருக்கும்? ஒருநாள் அவரே வெளியில் வந்து கூப்பிட்டார். சும்மா உட்கார்ந்து கேட்பவருக்கு அங்கே இடமில்லை, பாட வேண்டும் அல்லது எதையாவது வாசிக்க வேண்டும் என்றார். மவுத்தார்கன் வாசிப்பேன் என்றேன். அது பொய்யில்லை. இரண்டு தமிழ்ப் பாட்டு தெரியும், இரண்டிலும் பாதி பாதி.

அந்த வீட்டுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. யாரும் தன் சொந்த மொழிப் பாட்டை எடுக்கக் கூடாது. ஆரம்பத்தில் அவரவர் ஊர்ப் பாட்டைத்தான் பாடினார்களாம். இரண்டாவது அடியிலேயே ஒருத்தர் மூக்கைச் சிந்துவார், இன்னொருத்தர் அடுத்த மெயின்லேண்ட் கப்பல் எப்போது என்று விசாரிப்பார், கச்சேரி இழவு வீடாகிவிடும். அதனால் அடுத்தவன் மொழியில்தான் பாட்டு. மீறினால் அன்றைக்கு டீ கிளாஸ் முழுவதையும் கழுவ வேண்டும்.

எல்லோரும் இந்தி சினிமாப் பாட்டைப் பாடித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. உள்ளே நுழையும் முதல் நாளே அசத்திவிட வேண்டும், 'அடுத்த வாரமும் வாப்பா' என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். நல்லவேளையாக (அப்படித்தான் அப்போது நினைத்தேன்) என் சுவரிலேயே ஒரு பொக்கிஷம் இருந்தது. விடியற்காலையில் பௌதி ஒரு பாட்டுப் பாடுவார். உருகி உருகி, இழுத்து இழுத்து, யாரையோ கெஞ்சுகிற பாட்டு. வாசலில் விருந்தாளியை அழைக்க அவர் சொல்லும், 'வா' என்று பொருள்படும் அந்த வங்காளச் சொல் திரும்பத் திரும்ப வரும். கண்ணனைத்தான் அழைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சில நாள் பாட்டு அரைமணி நேரம் நீளும். என்ன பக்தி என்று படுக்கையிலேயே கைகூப்பியிருக்கிறேன்.

கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து ரகசியமாகப் பழகினேன். உப்புக் காற்றில் மவுத்தார்கனில் ஒரு துளை ஊமையாகியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வெறும் காற்று வரும். பரவாயில்லை, பக்தியில் அது கரைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு வந்தது. கூடத்தில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள். எங்கள் வரிசை முழுக்க வந்திருந்தது, சர்வேயரும் பௌதியும்கூட. நான் எழுந்து, இது வங்காள பஜன் என்று இந்தியில் அறிவித்துவிட்டு, மவுத்தார்கனை உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது அடியில் உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினால்கூட வெளியே வந்துவிடுமே, அந்த மாதிரி. ஊமைத் துளை வந்தபோது, காற்று மட்டும் போன அந்த இடத்தில், யாரோ ஒரு பெண் "ம்ம்ம்" என்று முக்கினாள். கூடச் சேர்ந்து பாடுகிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் உருகினேன். அடுத்த தடவை நாலைந்து பேராக முக்கினார்கள். தபலா நின்றது. கண்ணைத் திறந்தேன். சர்வேயர் பாயின் கோரையை எண்ணுகிறவர்போலக் குனிந்திருந்தார். இன்னொரு வங்காளி, ஸ்டோர் கீப்பர் காதில் ஏதோ சொன்னார்.

ஸ்டோர் கீப்பர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "தம்பி, தும்கோ மாலூம் நஹீ, தெரியாதா? இது பஜன் இல்லே. அந்தக் கொச்சுப் பையன் கக்கா போறதுக்கு பௌதி பாடுற பாட்டு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சிரிப்பைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கூடக் கேட்டிருக்கும். நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. செருப்பை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

என் மானம் போனது போகட்டும், அது கையிருப்பில் எப்போதுமே குறைச்சல். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டில்லை. பையன் மட்டும் வீறிட்டு அழுதான். குழாயடிக்குப் பௌதி குடத்தோடு வந்தால் பெண்கள் அந்த மெட்டை முனகினார்களாம். அவர் வெயில் உச்சிக்கு ஏறி, எல்லோரும் போன பிறகு தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார். என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஊர் தூங்கும்போது ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பாடியதை ஒட்டுக்கேட்டு, ஊர் நடுவில் விரித்துவிட்டேன். சுவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூச்சமாக இருந்தது.

வார நடுவில் சர்வேயர் என்னை வழியில் நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. நீங்கள் தெரியாமல் செய்தது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, போகிற போக்கில் சொன்னார்: பையனைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் கல்கத்தா போய்விடுகிறேன் என்கிறாளாம். போனால் திரும்ப வருவாளா என்று அவருக்கே தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டால் கூடக் கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான். யோசித்து யோசித்து, எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தையான அசட்டுத்தனத்தையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே போய்க் கூடத்தின் நடுவில் நின்றேன். "உஸ் தின் ரூல் ஹம் தோடா," என்றேன். சட்டத்தை மீறிவிட்டேன் என்பதற்கு அப்போதைய என் இந்தி. அந்தப் பாட்டு வங்காளப் பாட்டே இல்லை, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டு, என் அம்மா எனக்குப் பாடியது, சமாசாரம் அதேதான் என்றேன். நான் பழக்கதோஷத்தில் காலையில் முனகுவேன், அது பலகை வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது, சுவருக்கு இரண்டு பக்கம் உண்டே என்றேன். அம்மா எத்தனை வயது வரைக்கும் பாடினார் என்று தபலாக்காரர் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு, ஏழு என்றேன்.

யார் நம்பினார்களோ தெரியாது. சிரிப்பு மட்டும் முழுசாக என் பக்கம் திரும்பியது. ஸ்டோர் கீப்பர் டீ கிளாஸ் தட்டை என் கையில் கொடுத்தார். கழுவினேன்.

மறுநாள் காலை குழாயடிக்கு வாளியோடு போனேன். பெண்கள் முனக ஆரம்பித்தார்கள், முக்கலோடு சேர்த்து. வாளி அவ்வளவு மெதுவாக நிறைந்து நான் பார்த்ததில்லை. காது சுட்டது. அப்போது பௌதி எல்லோர் எதிரிலும் குடத்தோடு வந்து, என் வாளிக்குப் பின்னால் வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பையா, சச்முச் சாத் சால் தக்?" தம்பி, நிஜமாகவே ஏழு வயது வரைக்குமா என்று கேட்டார்.

குழாயடியே பதிலுக்குக் காத்திருந்தது.

"எட்டு, பௌதி," என்றேன்.