நத்தை வட்டும் ஒரு கட்டைவிரலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டி ஊரைப் பயமுறுத்துகிற வயசு எனக்கில்லை, அறுபத்திரண்டு முடிந்துவிட்டது. சந்தேகப்படுகிறவர்கள் குமாமொதோவுக்கு வந்து என் மனைவி சிசுவேயின் மூக்கைப் பாருங்கள். வலது பக்கம், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான். இது பகலில் வந்தது. தினமும். சரியாக மூன்று நாற்பதுக்கு.

பழைய ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே, கையைக் காக்க ஓர் இரும்பு வட்டு மாட்டியிருப்பார்கள். உள்ளங்கை அகலம் இருக்கும். ட்சுபா என்போம். முப்பது வருடமாக நான் சேர்ப்பது அதைத்தான். வாள் எனக்கு வேண்டாம். அந்த வட்டில் குடைந்திருக்கும் கொக்கு, மூங்கில், அலை, பூசணிக்கொடி... அதில்தான் பைத்தியம்.

எங்கள் சங்கம் மாதம் மூன்றாம் ஞாயிறு கூடும். அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ற வேலைப்பாட்டைத்தான் கொண்டுபோக வேண்டும். ஜனவரியில் பைன் மரம், அக்டோபரில் மேப்பிள் இலை, மழை பிடிக்கும் ஜூனில் தவளை, நத்தை. போன வருஷம் கொண்டுபோனதையே திரும்பக் கொண்டுபோனால் கிழங்கள் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். டீயை உறிஞ்சிக்கொண்டே உங்கள் வட்டைத் தாண்டி அடுத்ததைப் பார்ப்பார்கள். அதற்குச் செருப்பால் அடித்துவிடலாம். நான் நான்கு ஜூனாக ஒரே தவளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

அப்போதுதான் ஓபாத்தா வந்தான். என்னோடு படித்தவன், பழம்பொருள் வியாபாரி.

"டேய் இசாவோ, வாயைத் தொடச்சுக்கிட்டுப் பாரு. ஜொள்ளு வடியும்."

துணியைப் பிரித்தான். இரும்பின் விளிம்பில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அது ஊர்ந்து வந்த தடத்தை மெல்லிய வெள்ளியில் இழைத்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு செந்துரு. மற்ற இடமெல்லாம் அப்படியொரு கருமை.

"யாரோடது?"

"அமாகுசாத் தீவுல ஒரு வீட்டைக் காலி பண்ணாங்க. தானோவேன்னு ஒரு பெருசு. பொண்டாட்டியை விட இதைத்தான் அதிகமாத் தடவியிருப்பாரு போல."

சிரித்தோம். வீட்டைக் காலி செய்தால் ஆள் போய்விட்டார் என்று நானே எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. என் கொக்கு வட்டைக் கொடுத்து நத்தையை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 8, சனிக்கிழமை. மழை. சிசுவே பித்தப்பை அறுவை முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. மதியத்தில் என் அறையிலேயே மெத்தை விரித்துத் தூங்குவாள். தையல் காயும்வரை எதுவும் சீழ் பிடிக்கக் கூடாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். சின்னக் கீறல்கூட ஆகாது.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மான்கொம்புத் துண்டால் துருவைச் சுரண்டினேன். சரக்... சரக்... இரண்டு மணி நேரம். துரு போயிற்று. ஆனால் அந்த இடம் வெளிறிக் கிடந்தது.

இனிமேல் சொல்வது அசிங்கம். வெளியாட்களிடம் நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.

இரும்புக்கு மினுமினுப்பு ஏற, பழைய ஆட்கள் மூக்கோரத்து எண்ணெயைக் கட்டைவிரலால் வழித்து அதில் தேய்ப்பார்கள். கடை எண்ணெய் ஆகாது. மனுஷ எண்ணெய்தான் வேண்டும். வருஷக்கணக்கில் தேய்த்தால், பயற்று இனிப்பான யோகனை அறுத்தால் தெரியுமே, அப்படி ஒரு ஈரக் கருமை வரும். நானும் தேய்ப்பேன். ஆனால் இந்த வயதில் என் மூக்கு வறண்டுவிட்டது. வழித்து வழித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

திரும்பினேன். சிசுவேயின் மூக்கு பளபளவென்று இருந்தது.

அவள் குதிரைக் கொழுப்பில் யூசு எலுமிச்சைத் தோலை ஊறப்போட்டு, தானே தைலம் செய்து முகத்துக்குப் பூசுவாள். அவள் அம்மா செய்முறை. அந்த வாசனை வேறெந்த வீட்டிலும் கிடையாது. புழுக்கத்தில் அதுவும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து மூக்கோரத்தில் தேங்கியிருந்தது.

கட்டைவிரலை வைத்து வழித்தேன். அவள் விழிக்கவில்லை. இரும்பில் தேய்த்தேன்.

இரும்பு குடித்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வெளிறிய இடம் கண்ணெதிரே கறுத்தது. நான் சந்தோஷப்பட்டேன். த்தூ, நினைத்தாலே எனக்கு என் மேல் குமட்டுகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு மணிக்கு அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். மணி 3:40.

மறுநாள் வட்டை வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். நத்தையின் பக்கத்தில் துருவில் ஒரு கட்டைவிரல் ரேகை.

வியர்வைக் கையால் இரும்பைத் தொட்டால் விடிவதற்குள் ரேகை துருவாகிவிடும். எங்கள் ஆட்கள் விளிம்பைத்தான் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான் பிடித்திருந்தேன். என் விரலை வைத்துப் பார்த்தேன். ரேகை பெரியது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பின் கோடு.

சுரண்டினேன். திங்கட்கிழமை மறுபடி இருந்தது. செவ்வாய்க்கிழமையும்.

"ஓபாத்தா வந்தானா? இதைத் தொட்டானா?" என்று சிசுவேயிடம் கத்தினேன்.

"அந்தத் துருப்பிடிச்ச தட்டை எவன் தொடுவான்?" என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, மத்தியானம் தூங்கறப்ப என் மூக்கைத் தடவாதீங்க. செல்லம் கொஞ்சற வயசா இது? தோலு உரியுது பாருங்க."

"நானா? எப்போ?"

"தெனமும்தான். நேத்து நல்லா அழுத்திட்டீங்க."

நான் தொட்டது ஒரே ஒரு நாள்.

மூக்கின் வலப்பக்கம் சிவந்திருந்தது. வட்டமாக. நடுவில் தோல் மெலிந்து, பழுத்த தக்காளித் தோல் மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கம் இருந்ததே!

ஜூன் 13, வியாழன். அவள் தூங்கினாள். நான் தூங்கவில்லை. பெட்டியைக் கயிற்றால் கட்டி அலமாரிமேல் வைத்துவிட்டு, அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

3:31. மழை விட்டது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

3:36. நாற்றம் வந்தது. பல நாள் குளிக்காத தலை, மூத்திரம் காய்ந்த துணி, கிருமிநாசினி... எல்லாம் சேர்ந்த நாற்றம். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாய்வழியாக மூச்சு விட்டால் நாக்கில் ஒட்டியது.

3:39. தவளைச் சத்தம் நின்றது.

3:40.

சிசுவேயின் மூக்கு அமுங்கியது.

அறையில் யாரும் இல்லை. ஆனால் தோல் உள்ளே குழிந்தது. ஒரு கட்டைவிரல் அளவுக் குழி. மெதுவாக மேலே போனது. கீழே வந்தது. மேலே... கீழே... அழுத்தி வழிப்பது அப்படியே தெரிந்தது. புண்ணிலிருந்து நீர் கசிந்தது. அதையும் சேர்த்து வழித்தது.

அவள் தூக்கத்தில் முனகினாள்.

குழி விலகியது. பாயின் மேல் ஈரக்கோடு ஒன்று நகர்ந்தது. நத்தைத் தடம் மாதிரி. அலமாரியை நோக்கி. சுவரில் ஏறியது...

கட்டிய பெட்டிக்குள்ளிருந்து சத்தம்.

சரக்... சரக்... சரக்...

நின்றது.

கோடு இறங்கியது. என்னை நோக்கி வந்தது.

என் மூக்கின்மேல் ஒரு விரல்.

சொரசொரப்பு. சூடு. ஆமாம், சூடாக இருந்தது. குறுக்கே அந்தத் தழும்பு உரசியது.

ஒருமுறை வழித்தது.

நின்றது.

இன்னொரு முறை.

என்னை விட்டுவிட்டு...

அவளிடம் திரும்பியது.

"எழுந்திருடீ!" என்று அலறினேன். சிசுவே பதறி எழுந்தாள். மணி 3:43. தவளைகள் கத்த ஆரம்பித்தன.

கெட்ட கனவு என்று அவளிடம் புளுகினேன். பெட்டியைத் தோட்டத்துக் கொட்டகையில் பூட்டினேன். ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். ஞாயிறுவரை இருக்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். புத்தி பீ தின்னப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை 3:40க்கு நான் மருந்துக்கடையில் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு நின்றாள். துண்டு முழுக்க ரத்தம். புண்ணின் விளிம்பு மஞ்சளாகியிருந்தது. கையைத் தொட்டேன், கொதித்தது. காய்ச்சல்.

டாக்டர் ஊசி போட்டார். "இது நாளைக்கும் கிளறப்பட்டா ஆஸ்பத்திரியில படுக்கணும். வயித்துத் தையலுக்கு சீழ் எறங்கினா நான் பொறுப்பில்லை," என்றார்.

ஓபாத்தாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தச் செத்துப்போன தானோவே வீடு எங்கேடா இருக்கு? குடும்பத்துல யாராவது இருக்காங்களா?"

"செத்துட்டாரா? எவன்டா சொன்னான்? உசிரோட இருக்காரு. அமாகுசால முதியோர் இல்லத்துல. மருமகன்தான் வீட்டை வித்தான்."

உயிரோடு... அந்த விரல் ஏன் சூடாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றிரவே சிசுவேயிடம் சொன்னேன். அவள் மூக்கை வழித்தது, இரும்பில் தேய்த்தது, வியாழக்கிழமை பார்த்தது.

"என் மூக்கு என்ன எண்ணெய்ச் செக்கா?" என்றாள். "முப்பத்தஞ்சு வருஷம் உங்களோட குப்பை கொட்டியிருக்கேன். ஒரு வார்த்தை கேக்கத் தோணலை. தூங்கறப்ப வழிச்சிருக்கீங்க. சீ."

அவள் சீ என்றது இன்னும் காதில் இருக்கிறது.

சனிக்கிழமை பெட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டு அமாகுசாவுக்குக் கிளம்பினேன். காய்ச்சலோடு அவளும் வந்தாள். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்றாள். மூன்று நாற்பதுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று பாலங்களைத் தாண்டிப் பறந்தேன். போய்ச் சேர்ந்தபோது 3:22.

இல்லத்தில் எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயம். அதனால் சிசுவேயின் மூக்குக் கட்டு யாருக்கும் தெரியவில்லை. ஒரு நர்ஸ் அழைத்துப்போனாள். நடுத்தர வயது, வாயாடி.

"சொந்தக்காரங்களா? ரெண்டு வருஷமா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. பேச்சும் இல்லை, நடையும் இல்லை பாவம்."

கதவைத் திறந்தாள். அந்த நாற்றம். தலை, மூத்திரத்துணி, கிருமிநாசினி. சிசுவே என் சட்டையைப் பிடித்தாள்.

கட்டிலில் காய்ந்த சருகாக ஒரு கிழவர். கண் மூடியிருந்தது. முகத்தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. வலது கையில் பஞ்சு உறை மாட்டிக் கட்டியிருந்தார்கள்.

"கையில ஏன் உறை?"

"அதை ஏன் கேக்கறீங்க. தெனமும் மூணே முக்கால் வாக்குல கையைத் தூக்கி அந்தரத்துல எதையோ தேய்ப்பாரு. அது கூடப் பரவாயில்லை. மனுஷனுக்கு உடம்புல சொட்டு எண்ணெய்ப் பசை கெடையாது, பாக்கறீங்கல்ல? ஆனா கட்டைவிரல் மட்டும் பிசுக்குன்னு இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி உறை மாட்டினாலும், மறுநாள் பிசுக்கு. நேத்து ரத்தம் வேற. எங்கேயும் காயமே இல்லை."

"எப்போலேர்ந்து?"

"இந்த மாசம்தான். இருங்க... எட்டாம் தேதி. சனிக்கிழமை. நான்தான் டூட்டி."

உறையைக் கழற்றினாள். கட்டைவிரல் பளபளத்தது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

சிசுவே முகக்கவசத்தை இறக்கிக் குனிந்து முகர்ந்தாள். அவள் முகம் வெளுத்தது.

"என் தைலம்," என்றாள்.

நானும் முகர்ந்தேன். யூசு. குதிரைக் கொழுப்பு. அடியில் சீழின் புளிப்பு. ஓடிப்போய் அறை மூலையில் இருந்த வாளியில் வாந்தியெடுத்தேன்.

நர்ஸ் சிசுவேயின் மூக்குக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இவரு சம்சாரமும் இங்கேதான் இருந்தாங்க. போன வருஷம் போயிட்டாங்க. மூக்குல ஒரு புண்ணு, ஆறவே இல்லை. அதுலேர்ந்துதான் சீழ் ஏறிச்சு... அவங்களுக்கும் இதே எடம்."

மணி 3:38. கிழவரின் கை மெத்தையிலிருந்து எழ ஆரம்பித்திருந்தது. பெட்டியை உடைத்துத் திறந்து இரும்பை அந்தக் கைக்குள் திணித்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. கட்டைவிரல் நத்தையைத் தேடிப்போய் அதன்மேல் உட்கார்ந்தது.

3:40 ஆயிற்று. சிசுவேயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கட்டு அமுங்கவில்லை. 3:45 ஆயிற்று. அமுங்கவில்லை.

நர்ஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டு சிசுவேயை முன்னால் அனுப்பினேன். வாசலில் கால் வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு வருஷமாகப் பேசாத குரல். கண் மூடியபடியேதான்.

"உன்னோடது ஆகாதுப்பா... காஞ்சு கெடக்கு."

அந்த விரல் என் மூக்கைத் தொட்டுப் பார்த்ததை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிசுவேயிடம்கூட.