அத்தானைக் கட்டிப்போட்ட படகு

படம் மேலிருந்து கீழே கோடு கோடாகத்தான் திறந்தது. முதலில் வெறும் நீல வானம். பிறகு இரண்டு நீளத் தூண்டில் தடிகள். அதற்குப் பிறகு வெள்ளைக் கூரையும் முன்கண்ணாடியும். வெள்ளவத்தையில் காலி வீதி ஓரம் இருந்த ஒரு கொமினிகேசன் கடையில்தான் அந்த நாட்களில் இன்டர்நெட் பார்ப்போம். நான் கதிரையில் இருந்தேன், அத்தான் எனக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு பஸ்ஸும் போகும்போது கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. படகின் அடிப்பகுதி வரை படம் வந்து முடிந்ததும் அத்தான் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, "மச்சாள், இஞ்சை பாருமன், இருந்து மீன் பிடிக்கக் கதிரையும் பூட்டி வைச்சிருக்கிறான்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கொட்டாஞ்சேனையில் பிறந்த கத்தோலிக்கர். வெள்ளவத்தைச் சைவக் குடும்பத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டி, எங்கள் வீட்டோடேயே வந்து இருந்துவிட்டார். கலியாணம் கட்டாத நானும் அதே வீட்டில்தான். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவர். எந்தக் கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் காலிமுகத்திடலில் கால் நனைத்ததைத் தவிர, கடலுக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை. ஓய்வு பெற்ற வருடம் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் நிறைந்திருந்தார்கள். அவர்களைப் பெரிய மீன் பிடிக்கக் கூட்டிப்போக நல்லதொரு படகு வேண்டும், அது இந்த நாட்டில் கிடைக்காது என்று அத்தான் சொன்னார். அக்காவோ, "நீந்தத் தெரியாத மனுசன் படகு வாங்கப்போறார், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். வெள்ளைக்காரர் எல்லாம் ஒரு சாட்டு என்று எனக்குத் தெரியும். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு கரை தெரியாத தூரத்துக்குப் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

விற்றவர் அவுஸ்திரேலியாவில், பேர்த் பக்கம் இருந்த ஒரு வயதானவர். அவருக்குக் கடிதம் எழுதியதெல்லாம் நான்தான். அத்தான் பின்னால் நின்று சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டுவேன். அந்த மனுசன் படகின் குறைகளைத் தானாகவே வரிசையாக எழுதி அனுப்பினார். இடதுபக்க இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது புகைக்கும், முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது, ஒரு மெத்தையை நாய் கடித்துவிட்டது. இதை வாசித்த அத்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவ்வளவைச் சொல்றவன் இதைவிடப் பெரிசா எதையோ ஒளிக்கிறான்" என்றார். கொழும்பில் பழைய சைக்கிள் விற்கிறவன்கூட இப்படிச் சொல்லமாட்டான். அதனால் கேள்விமேல் கேள்வி அனுப்பினோம், அவரும் சலிக்காமல் பதில் எழுதினார். கடைசியாக, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டோம். மனைவி இறந்துவிட்டாள், தனியாகக் கடலுக்குப் போக மனமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அத்தான் பேரம் பேசவில்லை.

படகு உண்மையாகவே நல்ல படகு. பிழை விட்டது நாங்கள். அது கப்பலேறி வந்து சேர்வதற்குள் சமாதானம் கிழியத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தில் அத்தானுக்குத் தெரியாதவர் யாரும் இல்லை என்பதால் ஒரே நாளில் வெளியே எடுத்துவிட்டார்கள். "நேரே மீன்பிடித் துறைக்குக் கொண்டுபோய்ப் பதிஞ்சு தண்ணியிலை விடு, வேறை ஒரு வேலையும் பாராதை" என்று பழைய சிநேகிதர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆனால் புதிதாக வாங்கிய சாமானை வீட்டுக்குக் காட்டாமல் யார் வேறு இடத்துக்குக் கொண்டுபோவார்கள்? எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்குக்கூட நாள் பார்த்துச் சந்தனம் வைத்த பிறகுதான் நூல் கோர்த்தது. அக்காவுக்கு ட்ரெய்லர் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசிக்கவேண்டும். அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிக்கவேண்டும். இரண்டே இரண்டு நாள்தானே என்று சொல்லி, மதிலின் ஒரு பக்கத்தை உடைத்து, படகை ட்ரெய்லரோடு முற்றத்துக்குள் கொண்டுவந்து வைத்தோம். ஒழுங்கையே கூடிவிட்டது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், அக்கா தேசிக்காய் வைத்தாள், பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா பால்சோறு கொண்டுவந்தா. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தபடி இருக்கிற கடைசிப் படம் அன்றைக்கு எடுத்ததுதான்.

இரண்டாம் நாள் பின்னேரம் நகரத்தில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் காலையில் பொலிஸ் எங்கள் வாசலில் நின்றது. அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். தமிழ் வீடு. முற்றத்தில் இரண்டு பெரிய இன்ஜின் பூட்டிய படகு. ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். வந்த அதிகாரி சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்துகொண்டு ஒரு கடதாசியைச் சிங்களத்தில் எழுதி, ஒருமுறை வேகமாக வாசித்துக் காட்டினார். படகு இங்கிருந்து அசையக்கூடாது, நீங்களும் விலாசத்தை விட்டுப் போகக்கூடாது, எங்கள் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பயத்தில் நாங்கள் பிடித்துக்கொண்டது அவ்வளவுதான். அத்தான் "ஹரி சேர், ஹரி சேர்" என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக் கையெழுத்து வைத்தார். ஒரு பிரதியைத் தந்துவிட்டுப் போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் மூன்று பேரும் சிங்களம் தண்ணீராகக் கதைப்போம். மீன்காரனோடு, பஸ் கொண்டக்டரோடு, கந்தோரில், எல்லா இடத்திலும் அதுதான். எழுத்து மட்டும் ஒருவருக்கும் தெரியாது. சிங்களச் சோதனை பாஸ் பண்ணவேண்டும் என்பதற்காகவே அத்தான் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்காமல் விட்டவர். அந்தக் கடதாசியைப் பக்கத்து வீட்டு நோனா ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பா. நான் வேலை செய்த கந்தோரில் அதை வாசிக்கக்கூடிய பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் பொலிஸ் கடதாசி ஒன்று வீட்டில் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாரிடம் காட்டுவது? அக்கா அதைத் தன் கூறைச் சேலைக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினாள்.

மதிலைத் திரும்பக் கட்டினோம். படகு உள்ளே, அத்தானும் உள்ளே. கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். பொரளையில் கூட்டாளி ஒருவரின் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. மரக்கறி வாங்கச் சந்தி வரை போனாலும் பாதியில் திரும்பி வந்துவிடுவார், யாராவது வந்து பார்த்துவிட்டால் என்று. மாதத்தில் ஒருநாள் ஒரு பொலிஸ் சார்ஜன் வருவார். முதலில் கையில் புத்தகத்தோடு வந்தார், பிறகு பிறகு வெறுங்கையோடு. படகில் ஏறி இன்ஜின்களைத் தட்டிப் பார்ப்பார், அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் இருப்பார், கடைசியாக எப்போது ஸ்டார்ட் பண்ணியது என்று கேட்பார். அத்தான் கீழே நின்று சோதனை எழுதும் பிள்ளைபோலப் பதில் சொல்வார். நான் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுபோய் வைப்பேன். அக்கா சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் வருகிற கிழமை என்றால் அத்தான் படகைக் கழுவித் துடைத்து வைப்பார். எனக்கு அதைப் பார்க்க எரிச்சல் எரிச்சலாக வரும்.

இப்படியே இரண்டு வருடம் போன பிறகு, லண்டனில் இருந்த அக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. ஒரே பிள்ளை. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள். ஸ்பொன்சர் கடிதம் வந்தது. அத்தான் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சார்ஜனிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ, ஆள் அவ்வளவு கெட்டவராகத் தெரியவில்லை என்று நான் சொன்னேன். "கேட்டா ஏன் போறாய் எண்டு கேப்பான். பிறகு ஃபைலைத் திறப்பான். நான் வரச் சுணங்கினா உம்மையும் உம்மடை கொக்காவையும் கொண்டுபோவான். நாங்கள் வாய் திறக்காத வரைக்கும்தான் அவனும் சும்மா இருப்பான், மச்சாள்" என்றார். அவரைப் பேடி என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு, கேளாமல் இருப்பதுதான் பிழைக்கிற வழி.

கடதாசியில் கையெழுத்து வைத்தது அத்தான் மட்டும்தான் என்பதால் அக்கா தனியாகப் போனாள். கலியாணம் தொடங்கியபோது இங்கே பொழுதுபடுகிற நேரம். அத்தான் கோட்டும் டையும் போட்டு, சப்பாத்துக்குப் பொலிஷ் பண்ணி, ஏணியில் ஏறிப் படகுக் கதிரையில் போய் இருந்தார். வீட்டுக்குள் ஃபோன் சரியாகக் கேட்காது, இங்கேதான் சிக்னல் என்றார். கோயிலுக்குள் யாரோ பிடித்திருந்த ஃபோன் வழியாக அவர் முழுப் பூசையையும் கேட்டார். மகளை மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கூட்டிக்கொண்டு நடந்தார். எல்லாம் முடிந்த பிறகு மகளின் குரல் கீழே நின்ற எனக்கும் கேட்டது. "ஒரு கிழமைக்குக்கூட விடமாட்டினமாமோ அப்பா?" என்று அழுதாள். "விடமாட்டாங்கள் மகள், விட்டா வரமாட்டனோ" என்றார். அந்தப் படகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தவேண்டும் போல எனக்கு அன்றைக்கு இருந்தது.

யுத்தம் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு அந்தச் சார்ஜன் யூனிஃபோம் இல்லாமல், கையில் ஒரு கேக் பெட்டியோடு வந்தார். அக்கா அப்போது பேரப்பிள்ளை பார்க்க மறுபடியும் லண்டன் போயிருந்தாள். பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதாகவும், போவதற்கு முன் படகை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். அத்தான் அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இனி உங்களுக்குப் பதிலா ஆர் வருவினம், சார்ஜன் மஹத்தயா?"

"எதுக்கு அங்கிள்?"

"படகைச் சோதிக்க."

அவர் விளங்காமல் என்னையும் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தக் கடதாசி ஆறு மாதத்துக்குத்தானே, அதிலேயே எழுதியிருக்கிறதே என்றார். தான் வேலையாக வந்தது அந்த முதல் ஆறு மாதம் மட்டும்தான், பிறகு வந்ததெல்லாம் சும்மா. தென்பக்கம் கடற்கரையில் அவருடைய ஊர், அப்பா மீன் பிடிக்கிறவர். இந்தக் கதிரையில் கொஞ்சம் இருந்தால் வீட்டுக்குப் போய்வந்தது போல இருக்கும் என்றார். "நீங்களும் ஒருநாளும் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லையே அங்கிள். எப்பவும் தேத்தண்ணி தந்தீங்க. என்னை மறக்காதீங்க" என்று சிங்களத்தில் சொல்லி, அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரை வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

அத்தான் அவரைக் கேற் வரை கூட்டிக்கொண்டுபோய் அனுப்பிவிட்டு வந்து, அலுமாரியைத் திறந்து கடதாசியை எடுத்தார். வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். எந்த வரியில் அந்த ஆறு மாதம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கடதாசியைத் திரும்ப மடித்தார்.

"கொக்காவுக்குச் சொல்லாதேயும். பிள்ளைக்கு ஒருநாளும் சொல்லாதேயும். அவங்கள் விடாததாலைதான் அப்பா வரேல்லை எண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். கேக்கப் பயந்துதான் வரேல்லை எண்டு தெரிஞ்சா, அந்தப் பிள்ளை அதை எங்கை கொண்டுபோய் வைக்கும்?"

அதன் பிறகு அனுமதி கிடைத்துவிட்டது என்று மகளுக்குச் சொல்லி, லண்டன் போய் மூன்று மாதம் இருந்து பேரப்பிள்ளையைத் தூக்கிவிட்டு வந்தார். படகைத் தண்ணீரில் விடுவோம் என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன். மதிலை உடைக்கவேணும், பிறகு பார்ப்பம் என்பார். அந்த ஏணியில் அவர் மறுபடி ஏறி நான் காணவில்லை. போன வருடம் அவர் கண்ணை மூடிவிட்டார். அக்கா இப்போது மகளோடு. வீட்டில் நானும் படகும்தான். கடிதம் எழுதியவளும் நான், ஆங்கிலம் இவ்வளவு தெரிந்தும் அந்த ஒரு கடதாசியை ஒருவரிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுக்காமல் விட்டவளும் நான். கடதாசி ஆறு மாதத்துக்குத்தான். மிச்ச வருடங்கள் எங்களை யார் கட்டி வைத்தது என்று இரவில் படுத்தால் யோசனை வருகிறது. பயத்தை நாங்களாகவா கண்டுபிடித்தோம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் இதை வாசிக்கப்போவதில்லை. இன்டர்நெஷனல் ஸ்கூலில் படித்தவள், தமிழ் எழுத்தில் கடைப் பெயருக்கு மேல் வாசிக்கமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். போன கிழமை ஃபோன் எடுத்து, படகை விற்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சின்னம்மா, அவங்கள் விட்டிருந்தா அப்பா என்ரை கலியாணத்துக்கு வந்திருப்பார்தானே?"

"ஓடி வந்திருப்பார், பிள்ளை" என்றேன்.

அது பொய்யில்லை. அவர்கள் விட்டுத்தான் இருந்தார்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.