சீனிக்குப் போட்ட ஊசி

அண்ணன் பூனைக்கூண்டைக் காரின் முன் இருக்கையில் வைத்து, அது சாய்ந்துவிடாமல் பெல்ட்டும் மாட்டிவிட்டான். கம்பிக்குள்ளிருந்து சீனி கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் காலையை நினைத்தால் அவன் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்த கைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

சீனி வயதான பூனை. கணவர் இறந்தபின் வீட்டில் என் குரலுக்குப் பதில் தந்த உயிர் அது ஒன்றுதான். திடீரென்று வைத்ததையெல்லாம் தின்று தீர்த்தது. ஆனாலும் எலும்பாகிக்கொண்டே வந்தது. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்தது. திருநெல்வேலியில் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு மிதமிஞ்சிச் சுரக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தால் துப்பும், என் விரலைக் கடிக்கும். கதிரியக்க அயோடின் என்று ஓர் ஊசி உண்டு, கழுத்துச் சுரப்பியில் போய்ச் சேர்ந்து நோயுள்ள சதையை அழித்துவிடும், வெளிநாடுகளில் போடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது அண்ணனும் பக்கத்தில் நின்றான். ஊசி போட்ட பூனையின் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும், சில நாள் தனியாக வைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டான்.

சில நாளில் வந்து, “மெட்ராஸ்லயே போடுதாங்களாம்ட்டி, விசாரிச்சிட்டேன். ஜவுளி எடுக்க நான் போறேம்லா, கொண்டு போயிருதேன்” என்றான்.

“நானும் வாரேன்.”

“உள்ள விடமாட்டாங்க. நீ வந்து என்ன செய்யப் போற?”

நம்பினேன். சிறுவயதில் அப்பா இறந்தபோது, ஊருக்குப் போயிருக்கிறார் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். கையைப் பிடித்து உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

அங்கிருந்து தினமும் பேசினான். “ஊசி போட்டாச்சி. கதிர்வீச்சு இருக்குல்லா, போட்டோகூட எடுக்க விடமாட்டேங்காங்க.” நான் சீனியின் மெத்தையைத் துவைத்துக் காயப்போட்டேன். பிறகு ஒருநாள், “இதயம் நின்னுபோச்சாம்ட்டி. உடம்பையும் தரமாட்டாங்களாம்” என்றான். அழுதேன். மறுமுனையில் அவனும் அழுதான்.

வழிகாட்டியதற்கு நன்றி சொல்ல மருத்துவரைக் கூப்பிட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்டார். “எனக்குத் தெரிஞ்சு சென்னைல பூனைக்கு அத யாரும் போடுறதில்லையேம்மா.”

அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். “எங்க விட்ட?”

“குருவிகுளம் தாண்டி, ஒரு பருத்திக் காட்டுல.” பிறகு, “அதுகூடச் சேந்து நீயும் தேஞ்சிக்கிட்டே வந்தட்டி. என்னால பாக்க முடியல” என்றான்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்க் கரிசல் வரப்புகளில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்நேரமும் பசித்த பூனை அது. அந்தக் காட்டில் என்ன தின்றிருக்கும்?

அண்ணன் இப்போதும் வருகிறான். சாப்பாடு போடுகிறேன். “மழ தூறுது, கொடியில கெடக்க துணிய எடுட்டி” என்று அவன் சொன்னால், முற்றத்தில் கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் எடுக்கிறேன்.