பொருந்தாததை அடிக்கவும்

என் வீட்டுக்காரி ஒரு சொல்லை அடித்துவிட்டால் அது மறுபடி எழுந்திருக்காது. இதை நான் சொல்லவில்லை, எதிரே இருக்கிற பதிவு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். எங்கள் கடையில் மொத்தமே இரண்டு மேசை. ஒன்றில் அவள் கணினியில் விண்ணப்பம் தட்டுவாள். இன்னொன்றில் நானும் என் ஜெராக்ஸ் மெஷினும்.

எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் 'மகன் / மகள் / மனைவி: பொருந்தாததை அடிக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். அடிப்பதற்குக் கணினி தருகிற கோடு மயிரிழைதான். பிரதிக்குப் பிரதி எடுத்தால் காணாமல் போய்விடும். ஒருநாள் லாரி ஓட்டுகிற ஒருவர் அதே தாளோடு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தார்.

"நீ மகனா மகளா மனைவியான்னு கவுன்டர்ல கேக்கறாங்கம்மா. இந்த மீசையை வச்சுக்கிட்டு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க மெஷின் கோட்டையெல்லாம் தின்னுடுது."

"ஆமா, அதுக்கு வேற வேலை இல்ல பாரு!" எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னைச் சொன்னால் தாங்குவேன், மெஷினைச் சொன்னால் தாங்க மாட்டேன்.

அன்றைக்கே ஆரம்பித்தாள். பழைய தட்டச்சு இயந்திரத்தில் எழுத்தின் மேலேயே x x x என்று அடிப்பார்களே, அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறாளாம். மேக்ரோ என்று அதற்குப் பெயர். செய்ய வேண்டியதை ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், தானே செய்துமுடிக்கும். பத்து நாள் மதியச் சாப்பாடு கீபோர்டுக்குப் பக்கத்திலேயே ஆறிப்போனது. முதலில் செய்த மேக்ரோ 'தை'யை இரண்டாகப் பிளந்தது. த ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், இரண்டுக்கும் தனித்தனி x. அவள் படாத பாடு பட்டாள். கடைசியில் முழு எழுத்துக்கு ஒரே குறி என்று படிந்து வந்தது. சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானைத் தட்டினால் 'எந்தக் குறி?' என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். x, சாய்கோடு, நட்சத்திரம், எதைச் சொன்னாலும் எழுத்துக்கு எழுத்து மேலேயே உட்காரும்.

ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. எதையும் தேர்ந்தெடுக்காமல் ஓட்டினால் முழுத் தாளையும் அடித்துவிடும். ஒரு கூட்டு வியாபார ஒப்பந்தம், முப்பது பக்கம், இப்படித்தான் ஒருநாள் முழுக்க x ஆனது. அந்தக் கூட்டாளிகள் பிறகு பிரிந்தும் போனார்கள். மேக்ரோவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று நான் சொல்லப்போய் இரண்டு நாள் எனக்குப் பேச்சே கிடைக்கவில்லை.

எங்கள் கல்யாணத்தின்போது அவள் கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. அவளுடைய முதல் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது 'பாதுகாவலர்' என்று போடச் சொன்னவன் நான்தான். இறந்தவருடைய இடத்தில் போய் உட்கார மனம் வரவில்லை. மகளும் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்றுதான் தொடங்குவாள். பதின்மூன்று வருடம் 'இங்க பாருங்க'வாகவே இருந்துவிட்டேன். குறை ஒன்றுமில்லை. ஆனால் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன்?

போன சனிக்கிழமை காலை மகள் கல்லூரி விடுதிக்கான விண்ணப்பத்தைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'விடுமுறையில் அழைத்துச் செல்ல வருபவர்: தந்தை / பாதுகாவலர். பொருந்தாததை அடிக்கவும்.' கீழே என் பெயர். சுத்தமாக இருந்த மெஷினை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

"அய்யோ!" என்றாள் மகள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தாள் முழுக்க x. தந்தையும் போச்சு, பாதுகாவலரும் போச்சு, என் பெயரும் போச்சு.

"தேர்ந்தெடுக்காம ஓட்டாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது?" வீட்டுக்காரி கையை நீட்டி எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்தாள். "இப்ப எது வேணாமோ அதைத் தேர்ந்தெடு."

நான் நிற்கவில்லை, மெஷினிடம் திரும்பிவிட்டேன். பிரின்டர் ஓடியது. மகள் தாளைக் கொண்டுவந்தாள்.

"இங்க பாருங்க, மூணு காப்பி வேணுமாம்."

பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். பிரதி வெளியே வந்தது. பாதுகாவலர் மேல் எழுத்துக்கு எழுத்து x, கன்னங்கரேலென்று. தந்தை மேல் ஒரு புள்ளிகூட இல்லை.

கண் மங்கியது. அந்தப் பிரதியையே வைத்து இன்னொன்று எடுத்தேன். அதை வைத்து அடுத்தது. இந்த மெஷின் கோட்டைத் தின்னும் என்று பெயர் வாங்கியது ஆயிற்றே, நம்ப முடியுமா? ஏழாவது பிரதியிலும் x அப்படியே இருந்தது.

"மூணுதானே கேட்டா? எதுக்குங்க ஏழு?" என்றாள் வீட்டுக்காரி.

"உன் மேக்ரோ தாங்குதான்னு பாத்தேன்."

"தாங்குதா?"

"தாங்குது" என்றேன். மூன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் நான்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.