ஜன்னலுக்கு மேலே அலுமினியச் சட்டம்

என் அக்கா யோகேஸ்வரிக்குக் கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு பட்டறையில் வேலை. ரயில் பெட்டியில் ஜன்னலுக்கு மேலே விளம்பர அட்டை இருக்கிறதே, அதைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தை வளைப்பவள் அவள். அட்டையை வில்லாக வளைத்து மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் செருகினால் அதுவே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒவ்வொரு விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்க்காமல் அனுப்பமாட்டாள்.

எங்கள் அத்தைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தன் மகள் விஷ்ணுப்ரியா நகைக்கடை விளம்பரத்தில் வந்ததிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் அத்தையும் கிள்ளானில் ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். பெட்டியில் எதிர் ஜன்னலுக்கு மேலே விஷ்ணுப்ரியாவின் படம். அக்கா நேராகப் போய் அதன் விளிம்பைத் தடவினாள். அவள் வளைத்த சட்டம்.

"எம் பொண்ணு மூஞ்சியப் பாரு லா! அங்க என்னத்தத் தடவுற?" என்று அத்தை சீறினார்.

அக்கா திரும்பி வந்தாள். அந்த நேரம் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. நின்றிருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். அட்டை அசையவில்லை.

"பாத்தியா, எம் பொண்ணு எப்படி ஆடாம நிக்கிறா!" என்றார் அத்தை.

"நான் புடிச்சிருக்கேன்ல, அத்தை," என்றாள் அக்கா, கைகளைக் கட்டிக்கொண்டு.